ஓரத்தில் ஒடுங்கும் பார்வை

எங்கள் பள்ளிவாசல்துறையில் கடலுக்குப் போய்வரும் வயோதிகர் ஒருவர், பக்கத்தில் வரும் வள்ளம் புலப்படவில்லை என்று சொன்னால், அதனை வயதின்மேலும் வெயிலின்மேலும் போட்டுவிட்டு நாம் சும்மா இருந்துவிடுகிறோம். ஆனால், கண்ணுக்குள் ஊறும் நீர் வடிய வழியின்றி அழுத்தம் ஏறி, விழித்திரையின் நரம்பணுக்களைப் பெரும்பாலும் வலியேதுமின்றி அழித்துவருகின்ற குளுக்கோமா அதற்குக் காரணமாய் இருக்கக்கூடும். அழிந்த அணுக்கள் மீள்வதில்லை. எஞ்சியவற்றைக் காப்பதொன்றே வைத்தியத்தால் சாத்தியம்.

1909இல், நமக்கு அண்டைப் பட்டணமாகிய சென்னையின் அரசாங்கக் கண் வைத்தியசாலையில் மேலதிகாரியாயிருந்த ராபர்ட் ஹென்றி எலியட், கருவிழியின் விளிம்பில் நுண்ணிய துவாரமிட்டு அந்நீரை வடியவிடும் சத்திரசிகிச்சையை உலகுக்கு அறிவித்தார். அதன் தத்துவம் இன்றும் வழக்கொழியவில்லை.

ஆயினும் பெரும்பாலோர்க்குச் சொட்டு மருந்தே போதுமானது. நோன்பு மாதத்தில் அதனை நிறுத்திவிடுவோரைக் காண்கையில்தான் எனக்கு மெத்த விசனம்: கண்ணில் இடும் மருந்து நோன்பை முறிக்காது என்பது நாம் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபின் நிலையாயிருக்க, தொண்டையில் கசப்பு இறங்குமோ என அஞ்சுவோர், சொட்டு இட்டதும் கண்ணை மூடி, மூக்கையொட்டிய கண்முனையை ஓரிரு நிமிஷம் விரலால் மெல்ல அழுத்திக்கொள்ளலாம், அப்போதும் மனம் ஒப்பாதவர்கள், மருந்து வேளையை ஸஹருக்கும் இப்தாருக்கும் மாற்றலாமா என்று வைத்தியரையே கேட்கலாமே!