தண்டல் நோட்டு

நான் தண்டலுக்குப் பணம் விட்டவன். ராயபுரம் கல்மண்டபத்திலிருந்து எண்ணூர் குப்பங்கள் வரை இதற்கு மேல் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மற்ற ஊர்க்காரர்களுக்குச் சொல்கிறேன். 10,000 ரூபாய் கடன் என்று நோட்டில் எழுதிக்கொண்டு, 1,500 ரூபாயை அப்போதே பிடித்துக்கொள்வோம். கையில் கொடுப்பது 8,500. மறுநாளிலிருந்து தினம் 100 ரூபாய், 100 நாள் கட்ட வேண்டும்.

பத்தாயிரத்துக்கு ஆயிரத்து ஐந்நூறுதானே என்றுதான் வாங்குபவர்களுக்குத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. ஆலையில் கணக்கு எழுதியவன் நான். ஐம்பதாம் நாளிலேயே பாதிப் பணம் என்னிடம் திரும்பியிருக்கும். ஆனால் வட்டியை முழுத் தொகைக்கும் முதல் நாளே எடுத்தாகிவிட்டது. திரும்பி வருகிற நூறு நூறு ரூபாயை அப்படியே அடுத்த ஆளுக்கு விடுவேன். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் 100 ரூபாய்க்கு 120 ரூபாய்க்குக் குறையாத வட்டி. இதை நான் ஒரு நாளும் யாரிடமும் சொன்னதில்லை.

திருவொற்றியூரில் ஆலை வேலையை விட்டு விருப்ப ஓய்வில் வந்தபோது கையில் ஒரு தொகை கிடைத்தது. தபால் ஆபீசில் போட்டால் ஆண்டுக்கு 100-க்கு ஏழெட்டு ரூபாய் வரும். பெண்ணுக்குக் கல்யாணம் முடித்திருந்தேன், பையன் படித்துக்கொண்டிருந்தான். சோற்றுக்கு இல்லாமல் நான் இந்தத் தொழிலுக்கு வரவில்லை. என்னோடு ஓய்வு பெற்ற ஒருவர் செய்தார், அவர் வீட்டில் மாடி எழும்பியது, எனக்கும் ஆசை வந்தது. அவ்வளவுதான் காரணம். அதைவிட நல்ல காரணம் ஒன்றைப் பல வருடம் தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை.

இது குற்றம் என்பதும் தெரியும். 2003-இல் தமிழக அரசு கொண்டுவந்த கந்துவட்டித் தடைச் சட்டம் மீட்டர் வட்டி, கந்துவட்டி ஆகியவற்றோடு தண்டலையும் பெயர் சொல்லியே குறிக்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். நான் ஆள் வைத்து மிரட்டவில்லை, யாரையும் அடிக்கவில்லை, வாயில் ஒரு கெட்ட வார்த்தை வந்ததில்லை. அதனால் அந்தச் சட்டம் வேறு ஆட்களுக்கு என்று நினைத்துக்கொண்டேன். பாக்கி விழுந்தால் சாயங்காலம் போய் வாசலில் நிற்பேன். குழாயடியில் நாலு பேர் பார்ப்பார்கள். உள்ளே இருந்து பணம் வந்துவிடும். அதுவும் மிரட்டல்தான் என்று ஒப்புக்கொள்ள எனக்கு வெகுகாலம் ஆயிற்று.

என்னிடம் வாங்கியவர்களில் பெரும்பாலோர் மீன் விற்கும் பெண்கள். விடியற்காலை காசிமேடு ஏலத்தில் கூடை எடுக்கக் கையில் ரொக்கம் வேண்டும். ஐஸுக்கு, ஆட்டோவுக்கு வேறு. பேங்க் திறப்பதற்குள் மீன் விற்றே முடிந்துவிடும். குழு லோன் என்றால் பத்துப் பேர் சேர வேண்டும், ஒருத்தி கட்டாவிட்டால் எல்லோரும் கட்ட வேண்டும். நான் கேட்ட அன்றைக்கே கொடுப்பேன். ‘அண்ணன் நல்ல மனுஷன்’ என்ற பெயர் எனக்கு இருந்தது. இப்போது நினைக்கும்போது மற்ற எல்லாவற்றையும்விட அந்தப் பெயர்தான் அதிகம் சுடுகிறது.

இந்தத் தொழிலில் காசு புதுக்கடனில்தான் இருக்கிறது. எழுபதாம் நாள் வாக்கில் வீட்டில் ஏதாவது செலவு வரும். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கும், மாமியாரை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் சேர்ப்பார்கள். ‘பழசை அடைச்சுட்டுப் புதுசு போட்டுக்கோம்மா’ என்பேன். புதிதாக 10,000 எழுதி, 1,500 பிடித்து, பழைய பாக்கி 3,000-ஐயும் கழித்தால் கையில் 5,500 போகும். முன்பே வட்டி எடுத்த அந்த மூவாயிரத்துக்கு மறுபடியும் வட்டி எடுத்திருப்பேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும், ஏலத்துக்கு வரும் மீன் குறையும், விலை ஏறும். தினம் 100 ரூபாய் மட்டும் குறையாது. என் நோட்டில் புதுக்கடன்கள் அதிகம் விழுந்தது அந்த மாதங்களில்தான்.

நெட்டுக்குப்பத்து அக்கா ஒருத்தர். என்னைவிட இரண்டொரு வயது மூத்தவர், ஆனாலும் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். எண்ணூர் நெடுஞ்சாலை ஓரம் கடை. கணவர் முகத்துவாரத்தில் பைபர் படகில் இறால், நண்டு பிடிப்பவர். 2020-இல் கொரோனா ஊரடங்குக்குப் பிறகு தெருவோர வியாபாரிகளுக்கு மத்திய அரசு ஸ்வநிதி கடன் கொடுக்க ஆரம்பித்தது. ஈடு வேண்டாம், முதல் தவணை அப்போது 10,000 ரூபாய், ஒழுங்காகக் கட்டினால் வட்டியில் 7 சதவீதம் மானியம், அடுத்த தடவை இன்னும் பெரிய தொகை. யாரோ சொல்லி அவர் விண்ணப்பப் பாரம் ஒன்றை வாங்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். அந்தத் தெருவில் அவருக்குத் தெரிந்த படித்த ஆள் நான்தான்.

“இத கொஞ்சம் எழுதிக் குடுண்ணே.”

நான் அதை இரண்டு பக்கமும் படித்தேன். மாநகராட்சி விற்பனையாளர் அட்டை வேண்டும், ஆதார் வேண்டும், பேங்க் கணக்கு வேண்டும். அவரிடம் மூன்றும் இருந்தன. “இதுக்கெல்லாம் மாசக்கணக்கா அலைய விடுவாங்கம்மா, ஏவாரம் கெட்டுப்போகும்” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். அந்தப் பாரத்தை நிரப்பியிருந்தால் அவர் என் நோட்டிலிருந்து வெளியே போயிருப்பார் என்று எனக்குத் தெரியும். அதற்காகவேதான் நிரப்பவில்லை. நான் வாங்கிய வட்டியை ஆசை என்று சொல்லிவிடலாம். இதை அப்படிச் சொல்லிவிட முடியாது. என்னை நம்பி வந்தவரின் கண்ணைக் கட்டி வந்த வழியே அனுப்பிவைத்தேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. மணலிப் பக்கமிருந்து வெள்ளத்தோடு கிளம்பிய எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகத்துக்கு வந்து சேர்ந்தது. படகு, வலை, அலையாத்திச் செடி எல்லாம் கறுப்பு. வலையைக் கழுவினாலும் போகாத பிசுக்கு. அந்த மாதமே 26-ஆம் தேதி இரவு பெரியகுப்பம் பக்கத்தில் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, சனங்கள் மூச்சு முட்டித் தெருவுக்கு ஓடிவந்தார்கள். காசிமேட்டு மீனைக்கூட வாங்கச் சனம் யோசித்தது.

“இன்னாண்ணே பண்றது, தண்ணி பூரா ஆயிலு. யாரு வாங்குவா?” என்றார் அக்கா. சரி, மெல்லக் கொடும்மா என்றேன். ஆனால் பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பங்களுக்கு அரசு 12,500 ரூபாய் நிவாரணம் அறிவித்ததும், அது அவர் கைக்கு எந்த நாளில் வருகிறது என்று விசாரித்து வைத்துக்கொண்டேன். வந்த அன்று சாயங்காலம் அந்த வாசலில் போய் நின்றேன். படகைச் சுத்தம் செய்ய எடுத்து வைத்திருந்ததிலிருந்து என் பாக்கியை எண்ணிக் கொடுத்தார். பணம் வைத்திருந்த மஞ்சள் பையிலும் எண்ணெய்க் கறை இருந்தது. நான் வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் என் மனைவியிடம் கொடுத்தபோது, எங்கிருந்து என்று கேட்டாள். சொன்னேன். அதை அவள் பீரோவில் வைக்க மறுத்துவிட்டாள். அன்று இரவு வந்த சண்டையில் அவள் சொன்ன எதையும் என்னால் மறுக்க முடியவில்லை. அதற்குப் பிறகு புதிதாக யாருக்கும் விடவில்லை, நிலுவையையும் கேட்கவில்லை.

நிறுத்தியதால் எதுவும் நேராகிவிடவில்லை. மாடிப் போர்ஷன் அந்தக் காசில் கட்டியது. அதன் வாடகையில்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது. நோட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொருவர் கணக்கையும் திரும்பப் போட்டேன். தபால் ஆபீஸ் வட்டி அளவுக்கு எனக்கு விட்டு, மிச்சத்தைத் திருப்பித் தர வேண்டிய தொகையாக எழுதினேன். முதலில் அக்காவிடம் போனேன். மகள் உதவியோடு அவர் ஸ்வநிதி கடனை எப்போதோ வாங்கி, கட்டியும் முடித்திருந்தார். நான் கொடுத்த பணத்தை வேண்டாம் என்று சொல்வார் என நினைத்தேன். சொல்லவில்லை. எண்ணிப் பார்த்து இடுப்பில் செருகிக்கொண்டு கேட்டார்:

“அந்த பாரம்... கெடைக்கும்னு அப்பவே உனக்குத் தெரியுமாண்ணே?”

தெரியும் என்றேன். அவர் பதில் பேசாமல் அடுத்து வந்தவருக்கு மீன் வெட்ட உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு என்னை அண்ணே என்று கூப்பிடுவதில்லை.

நோட்டில் இன்னும் பல பேர் இருக்கிறார்கள். சிலர் பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போய்விட்டதாகக் கேள்வி, ஒருத்தர் இறந்துவிட்டார், அவர் பிள்ளைகளைத் தேட வேண்டும். மாதம் ஒருவர் என்று வாடகைப் பணத்திலிருந்து கொடுத்து வருகிறேன். பணத்தோடு, அவர்கள் என்னிடம் எவ்வளவு வட்டி கட்டினார்கள் என்ற கணக்கையும் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கிறேன்.