மேட் இன் லால்குடி!

திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறி உட்கார்ந்தால் காவிரி, திருவானைக்காவல், கொள்ளிடம் என்று வரிசையாகத் தாண்டி, நம்பர் ஒன் டோல்கேட்டில் வலது கைப் பக்கம் திரும்பி, வாளாடி, மாந்துறை வழியாக லால்குடி. சுமார் இருபது கிலோமீட்டர்தான். கொள்ளிடம் தாண்டும்போது பஸ்ஸில் யாராவது ஒரு பெரியவர் நிச்சயம் பழைய பாலத்தைப் பற்றிப் பேசுவார். 1928-ல் கட்டியது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் தூண்கள் சரிந்து விழுந்தது. நல்லவேளை, 2016-லேயே பக்கத்தில் புதுப் பாலம் வந்துவிட்டதால் வெள்ளத்தின்போது பழையதன் மேல் வண்டி எதுவும் ஓடவில்லை.

அப்புறம் இரண்டு பக்கமும் நெல், வாழை, வாய்க்கால். ஊரின் பழைய பெயர் திருத்தவத்துறை. மாலிக்காபூர் படை இந்தப் பக்கம் வந்தபோது சப்தரிஷீஸ்வரர் கோயில் கோபுரம் தூரத்தில் சிவப்பாகத் தெரிந்ததாம். 'லால்' என்றார்களாம். அதோடு நம்மூர் 'குடி' ஒட்டிக்கொண்டதாம். கதைதான். ஆனாலும் பாருங்கள், பெயரே பாதி வெளியூர்ப் பார்ட், பாதி உள்ளூர்ப் பார்ட் போட்டு அசெம்பிள் செய்தது!

ஊருக்கு வருகிறவர்கள் கோயிலுக்குப் போவார்கள். சங்கீதம் தெரிந்தவர்கள் வயலின் மேதை ஜெயராமன் ஊர் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். நான் போனது ஒரு மாட்டுத் தொழுவத்தைப் பார்க்க. மாடு விற்று நாலைந்து வருஷம் ஆகிறது. இப்போது அங்கே என் சித்தப்பா பையன் கார் கட்டுகிறான்.

கார் 'வாங்குகிறான்' இல்லை ஸார், கட்டுகிறான். அதற்கு 'கிட் கார்' என்று பெயர். இங்கிலாந்தில் 1957-ல் லோட்டஸ் கம்பெனி 'செவன்' என்று ஒரு குட்டிக் கார் கொண்டுவந்தது. கதவு கிடையாது, கூரை என்று சொல்ல பெரிதாக ஒன்றும் கிடையாது. முழுக் காராக வாங்கினால் விற்பனை வரி உண்டு. பார்ட் பார்ட்டாக வாங்கி வீட்டில் மாட்டிக்கொண்டால் வரி இல்லை. உடனே வெள்ளைக்காரக் குமாஸ்தாக்கள் எல்லாம் ஸ்பானர் வாங்கிவிட்டார்கள். 'எப்படி மாட்டுவது' என்று புத்தகம் கொடுத்தால் வரிக்காரர்கள் மடக்குவார்கள் என்பதால், 'எப்படிக் கழற்றுவது' என்று அச்சடித்துக் கொடுத்து, கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கச் சொன்னதாக ஒரு கதை உண்டு. பி.காம். படித்தவன் என்ற முறையில் அந்த மூளைக்கு என் வந்தனம்! 1973-ல் அந்த வரி போய் 'வாட்' வந்தது. செவனைத் தயாரிக்கும் உரிமை அதே வருஷம் கேட்டர்ஹாம் கைக்குப் போனது. பெட்டியில் பார்ட்டாக வாங்கி மாட்டும் வழக்கம் மட்டும் அதோடு நிற்கவில்லை.

நமக்கு இது புதுசா என்றால், இல்லை. 1948-ல் ஆரம்பித்த அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் ஏ-40 காரை இங்கிலாந்துப் பார்ட்டுகளை வைத்துத்தான் பூட்டியது. (அசோக் லேலண்ட் எல்லாம் பிற்பாடு.) மோட்டார் சைக்கிளை வாங்கி அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துத் திரும்ப மாட்டிய ஜி.டி. நாயுடு கோயமுத்தூர்க்காரர். மாருதி 800 இன்ஜினை வைத்து 'ஃபார்முலா மாருதி' ரேஸ் கார்களை உருவாக்கிய கரிவரதனும் கோயமுத்தூர்தான். 1995-ல் விமான விபத்தில் போய்விட்டார். ஆக, மேற்கே எல்லாம் நடந்திருக்கிறது. காவிரிக்கரையில்தான் பாக்கி. அந்தக் குறையைத் தீர்க்க எங்கள் சித்தி வயிற்றில் ஒரு பிள்ளை.

அவன் திட்டம் தாளில் ரொம்ப ஜோர். இன்ஜினும் கியர் பாக்ஸும் ஒரு பழைய ஆம்னி வேனிலிருந்து. ஏன் 800 காரிலிருந்து இல்லை என்றால், அது முன் சக்கரம் இழுக்கிற வண்டி. ஆம்னியில் அதே 796 சி.சி. மூன்று சிலிண்டர், ஆனால் பின் சக்கரம் தள்ளும். நீள மூக்கு வைத்த கார் செய்ய அதுதான் தோது. சேஸிஸ், சதுரப் பைப்பில் வெல்டிங். பாடி மட்டும் ஃபைபர். வெளி மாநிலத்தில் ஒருவரிடம் பணம் கட்டி லாரியில் வரவழைத்தது. (ஊர், பேர் வேண்டாம். அவரும் பிழைக்க வேண்டும்.)

பிரித்து சேஸிஸ் மேல் வைத்துப் பார்த்தால் பதினாலு ஓட்டையில் ஐந்துதான் நேராக வருகிறது. இடது பக்கம் சேர்ந்தால் வலது பக்கம் வாயைப் பிளக்கிறது. வலது பக்கத்தை அழுத்தினால் முன்மூக்கு கொக்கு மாதிரி மேலே தூக்குகிறது. சித்தி வந்து பார்த்துவிட்டு, "கடையில மாத்திக் குடுக்க மாட்டானாடா?" என்று கேட்டிருக்கிறாள், ரவிக்கைத் துணி மாதிரி!

இந்த இடத்தில்தான் பலபேர் ட்ரில் மெஷினைத் தூக்குவார்கள். ஓட்டையை நீளமாக்கு, பெரிய வாஷராகப் போடு, இறுக்கு, முடிந்தது! ஃபைபர் பாடிக்கு அது பாவமும் இல்லை. ஃபைபர் என்பது கெட்டியாகும்போது சுருங்குகிற வஸ்து. கொஞ்சம் முறுக்கிக்கொள்ளவும் செய்யும். வாஷர் போட்டு அட்ஜஸ்ட் செய்வது எங்கள் கணக்கு பாஷையில் சஸ்பென்ஸ் அக்கவுண்ட். டேலி ஆகாத ரூபாயைத் தற்காலிகமாக அதில் தள்ளி வைக்கலாம். ஆனால் வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று என்றைக்காவது தேடித்தான் ஆகவேண்டும்.

தேடிக் கொடுத்தவர் துவாக்குடிப் பக்கம் ஃபேக்டரியில் வெல்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். இந்த மாவட்டத்தில் இது ஒரு வசதி. 1928-லிருந்து பொன்மலை ரயில்வே பணிமனை. ஊட்டி மலை ரயிலுக்கு 2011-ல் புது நீராவி இன்ஜினே செய்து கொடுத்த இடம். அறுபதுகளிலிருந்து பெல் பாய்லர் ஃபேக்டரி. திருவாரூர் ஆழித்தேருக்கு இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்தது இவர்கள்தான். தேருக்கே பிரேக் போட்ட ஊர்! தெருவுக்கு ஒரு ரிட்டயர்டு ஃபிட்டராவது திண்ணையில் தினத்தந்தி படித்துக்கொண்டிருப்பார்.

வந்தவர் பாடியைத் தொடவே இல்லை. கொத்தனார் மாதிரி ஒரு நூல் கேட்டார். சேஸிஸின் இந்த முன் மூலையிலிருந்து எதிர்ப் பின் மூலைக்கு ஒரு அளவு. மற்ற இரண்டு மூலைக்கு ஒரு அளவு. இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டும். ஒன்பது மில்லிமீட்டர் வித்தியாசம்!

"தம்பி, பாடிக்காரன் பாதிக் குத்தவாளிதான். மீதி நீ. ஒரு பக்கமா முழுசாப் பத்த வெச்சிருக்க. சூட்டுல இரும்பு இழுத்துக்கிச்சு. முதல்ல எல்லா மூலையிலயும் புள்ளி வைக்கணும். அளவு பார்க்கணும். அப்புறம் இந்தப் பக்கம் கொஞ்சம், எதிர்ப்பக்கம் கொஞ்சம்னு மாத்தி மாத்தி இழுக்கணும். உங்க அம்மா கோலம் போடறப்ப பார்த்ததில்லையா நீ?"

குறுக்குப் பைப்புகளை அறுத்து, மூலை மட்டம் பார்த்து, புள்ளி வைத்து மறுபடி கோலம் போட்டதில் பதினாலில் பதினோரு ஓட்டை தானாக நேருக்கு வந்தது. மூன்றை மட்டும் அரத்தால் ராவினான். ஜெயராமன் ஊரில் கேட்கக்கூடாத சத்தம் அது. எதிர்வீட்டு மாமா ஜன்னலைச் சாத்திவிட்டார்.

அடுத்தது போல்ட் நட்டு. பழைய இரும்புக் கடையில் கிலோ கணக்கில் அள்ளி வந்திருந்தான். அதில் பாதி இன்ச், பாதி மில்லிமீட்டர். 5/16 இன்ச் என்பது 7.94 மில்லிமீட்டர், பார்வைக்கு 8 எம்.எம். போல்ட்டேதான். நட்டைப் போட்டால் இரண்டு சுற்று சமர்த்தாகப் போகும், மூன்றாவதில் இறுகும். 'துரு போல இருக்கு' என்று எண்ணெய் விட்டு ஸ்பானரில் தொங்கினால் மரை காலி. அரை இன்ச்சில் இன்னும் விசேஷம்: பிரிட்டிஷ் ரகத்துக்கு இன்ச்சுக்கு 12 மரை, அமெரிக்க ரகத்துக்கு 13. வெளித்தோற்றத்தில் இரட்டைப் பிள்ளைகள். கையால் கடைசிவரை சுற்றாத நட்டை ஸ்பானரால் சுற்றாதே என்பது வெல்டரின் கட்டளை. மொத்த மூட்டையையும் திருப்பிக் கொடுத்துவிட்டு எட்டு, பத்து எம்.எம். என்று புதிதாக வாங்கினான். சித்தப்பாவிடம் விலையைப் பாதிதான் சொன்னானாம்.

சக்கர பேரிங் வந்தபோது புதுத் தலைவலி. ஹவுசிங்கில் அது உள்ளே போகமாட்டேன் என்றது. 'இதுவும் தப்பு அளவுதான்' என்று ராவத் தயாராகிவிட்டான். தடுத்தவர், பின் தெருவில் ஒரு காலத்தில் மாட்டு வண்டிச் சக்கரம் செய்த ஆசாரி. எண்பதைத் தாண்டியவர், வேடிக்கை பார்க்க வந்தவர்.

"வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடறோமே, அது சக்கரத்தைவிடக் கொஞ்சம் சின்னதாத்தான் இருக்கும். சரியா இருந்துச்சுன்னா நாலு நாள்ல கழண்டு ஓடிடும். வரட்டி அடுக்கிச் சுட்டா பட்டை விரியும். தட்டி ஏத்தித் தண்ணி ஊத்தினா ஆரக்கால், வட்டை எல்லாத்தையும் சேர்த்துக் கவ்விக்கும். ஆனா அதே சக்கரத்துல குடத்துக்கும் அச்சுக்கும் நடுவுல மை போற இடம் வேணும். அங்க இறுக்குனா மாடு செத்துப்போகும்."

அவருக்கு இங்கிலீஷில் அதன் பெயர் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை. எனக்கு இந்த ஒரு பேச்சுக்காகவே பஸ் சார்ஜ் செரித்தது. பேரிங்கை பாலிதீன் பையில் கட்டி ராத்திரி ஃப்ரீசரில் வைத்து, காலையில் ஹவுசிங்கை வெந்நீரில் சூடாக்கி வைத்தால் 'ளொட்'டென்று போய் உட்கார்ந்தது. ஐஸ் எடுக்கத் திறந்த சித்தி, அதற்கப்புறம் ஃப்ரிட்ஜுக்குப் பூட்டுப் போட்டுவிட்டாள்.

சிரிப்பெல்லாம் ஸ்டியரிங் வரும்வரைதான். ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகிற டை ராடு, சக்கரத்தின் கைக்கு அரை இன்ச் கீழே நின்றது. மெயின் ரோடு மெக்கானிக் ஒருவர் ஐந்து நிமிஷ வேலை என்றார்: அந்தக் கையை கேஸில் பழுக்கக் காய்ச்சி வளைத்துவிடலாமாம். என் தம்பியும் தலையாட்டிவிட்டான். வெல்டர் மட்டும் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

"அதை வளைக்கிறதா இருந்தா நான் இந்த வீட்டுக்கு வரமாட்டேன் தம்பி. அது அடிச்சுப் பதம் பண்ணின இரும்பு. சுட்டா பதம் போயிடும். பார்க்க அப்படியேதான் இருக்கும். ஒருநாள் வளைவுல உடையும்."

அப்படியே விட்டாலும் ஆபத்துதான். டை ராடு சரியான உயரத்தில் இல்லாவிட்டால், சக்கரம் மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போதெல்லாம் தானாகவே கொஞ்சம் திரும்பும். நீங்கள் ஒரு பக்கம் ஓட்டுவீர்கள், வண்டி இன்னொரு பக்கம் போகும். சஸ்பென்ஷன் ஓட்டையை அரத்தால் நீட்டுவதும் இதே ரகம். பானெட்டில் ஓட்டை நகர்ந்தால் 'லொட லொட'. சக்கரத்தில் நகர்ந்தால் பால்தான். ஆகவே டை ராடையும் தொடவில்லை, கையையும் தொடவில்லை. ஸ்டியரிங் பெட்டி உட்காரும் பிராக்கெட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, கனத் தகட்டில் அரை இன்ச் உயரம் கூட்டிப் புதிதாக ஒன்று. முழுதாகப் பொருத்திப் பார்த்த பிறகுதான் ஓட்டையே போட்டார்கள். ஐந்து நிமிஷ வேலைக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை.

இப்போது வண்டி ஓடுகிறது. தொழுவத்திலிருந்து தென்னந்தோப்பு பம்ப்செட் வரைக்கும். நானும் உட்கார்ந்து போனேன். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் உட்கார்ந்தால் முப்பது கிலோமீட்டர் வேகமே ஜெட் விமானம். தோப்பு வேலி வந்ததும் திரும்பி வரவேண்டும். காரணம், நம்பர் கிடையாது; கிடைக்கவும் கிடைக்காது. இங்கிலாந்தில் இந்த மாதிரி ஒற்றைக் காருக்கென்றே ஐ.வி.ஏ. என்று தனிப் பரிசோதனை வைத்திருக்கிறார்கள். இங்கே 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதி 126-ன்படி மாடல் வண்டியை புனே ஏ.ஆர்.ஏ.ஐ. மாதிரி அமைப்புக்குக் கொடுத்துச் சான்றிதழ் வாங்கவேண்டும். அது ஆயிரக்கணக்கில் கார் செய்யும் கம்பெனிக்குக் கட்டுப்படியாகும், தொழுவத்துக்கு ஆகுமா? பழைய ஆம்னி ஆர்.சி.யிலேயே ஓட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால் நம்பாதீர்கள். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்று சட்டத்தின் 52-வது பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதையே அழுத்திச் சொல்லிவிட்டது. விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸும் கை கழுவும்.

அவனுக்கு இது முதல் போல்ட் வாங்கும்போதே தெரியும்.

"அப்புறம் எதுக்குடா இவ்வளவு பணமும் பாடும்?" என்றேன்.

"நீங்களுந்தாண்ணே வாரா வாரம் எழுதறீங்க. அதை வெச்சுக்கிட்டு எந்த ஊருக்குப் போனீங்க? இந்தாங்க, இந்த ஸ்பானரை அந்தப் பக்கம் கொஞ்சம் பிடிங்க."