ஸ்கேன் அறையின் காற்று

2021 ஏப்ரல், மே. கோவிட் இரண்டாவது அலை. பெருநகரங்களில் ஸ்கேன் மையங்களின் வாசலில் நீண்ட வரிசை. ஆர்.டி.-பி.சி.ஆர். முடிவுக்கு நாட்கணக்கில் காத்திருக்க வேண்டும். சி.டி. ஸ்கேனோ அன்றைக்கே 25க்கு இத்தனை என்று மார்க் போட்டுவிடும். மார்க்கிலேயே வளர்ந்த தேசம் சும்மா இருக்குமா? லேசான காய்ச்சல்காரர்களும் வந்து நின்றார்கள்.

மே 3 அன்று எய்ம்ஸ் இயக்குநர் ரண்தீப் குலேரியா எச்சரித்தார்: ஒரு சி.டி., 300 முதல் 400 மார்பு எக்ஸ்ரேக்களுக்குச் சமம். அது பழைய கணக்கு என்று கதிரியக்க நிபுணர்கள் சங்கம் மறுத்தது. சண்டை முழுக்கக் கதிர்வீச்சைப் பற்றித்தான். அறையின் காற்றைப் பற்றிப் பேச்சே அதிகம் இல்லை.

சி.டி. அறை மூடிய ஏ.சி. அறை. கோவிட் நோயாளி வெளியேறியதும் இயந்திரத்தைத் துடைத்தால் மட்டும் போதாது. காற்று மாற வேண்டும். காற்றோட்டத்தைப் பொறுத்து இதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகும். கோவிட்டைக் கண்டுபிடிக்க சி.டி.யை முதல் சோதனையாக்க வேண்டாம் என்று அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரி 2020 மார்ச்சிலேயே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த ஒரு மணி நேரத்தில் பக்கவாதம் தாக்கியவர் ஸ்ட்ரெச்சரில் வந்தால்? மூளை காத்திருக்காது.

முடிந்தவரை நோயாளியை நகர்த்தாமல், சக்கரம் வைத்த எக்ஸ்ரே இயந்திரத்தையே வார்டுக்குத் தள்ளிப் போனார்கள். கேசட்டுக்கு பிளாஸ்டிக் உறை. டெக்னீஷியன்கள் இருவர்: ஒருவர் நோயாளியைத் தொடுவார், மற்றவர் இயந்திரத்தை மட்டும். கவச உடை போதாதென்று ஈய ஏப்ரன் வேறு. வேர்த்துக் கொட்ட வெளியே வந்தால், "எப்ப சார் கூப்பிடுவீங்க?" என்று வரிசை கேட்கும். உங்களுக்கு ஸ்கேன் தேவையே இல்லை என்று சொல்லும் அதிகாரம் மட்டும் அவருக்குக் கிடையாது. டாக்டரின் சீட்டு இருக்கிறதே.