வராத பெற்றோரில் யானும் ஒருவன்

மாநகராட்சி நடத்தும் தமிழ்ப் பள்ளி ஒன்றில் என் மகள் நான்காம் வகுப்பில் பயில்கிறாள். "குடிநீர்க் குழாய் கெட்டு மூன்று மாதம் ஆயிற்று, அப்பா" என்று அவள் சொன்னதும் எனக்குச் சினம் மூண்டது. மறுநாளே விடுப்பெடுத்துத் தலைமையாசிரியையிடம் சென்று முறையிட்டேன்.

அம்மையார் மறுமொழி கூறாமல் ஒரு பதிவேட்டை என்முன் விரித்தார். பள்ளி மேலாண்மைக் குழுவின் கூட்டக் குறிப்பு அது. "உறுப்பினர் போதிய அளவில் வராமையால் ஒத்திவைக்கப்பட்டது" என்று இருமுறை எழுதப்பட்டிருந்தது. வராதோர் பட்டியலில் என் பெயரும் இருந்தது! இரயில்வே அலுவலகத்தில் சரக்குக் கணக்கில் ஒரு ரூபாய் குறைந்தாலும் விளக்கம் கேட்பவன் யான். அன்று நாணித் தலைகுனிந்தேன்.

தாய்மொழியில் தொடக்கக் கல்வி பெறும் வசதியைச் சிறுபான்மை மொழியினரின் பிள்ளைகளுக்குச் செய்து தர முயலவேண்டும் என்கிறது, 1956-இல் அரசியலமைப்பில் சேர்ந்த 350ஏ பிரிவு. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமோ, இக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது பாதுகாவலராக இருக்கவேண்டும் என்கிறது, பாதிப்பேர் பெண்கள். குழு வகுக்கும் பள்ளி வளர்ச்சித் திட்டமே மானியத்திற்கு அடிப்படை. அம்மானியம் செலவாகும் முறையைக் கண்காணிப்பதும் குழுவின் பணியே.

அடுத்த கூட்டத்திற்கு மற்ற உறுப்பினர் வீடுகளுக்கும் சென்று அழைத்துவந்தேன். குழாய்க்கான தீர்மானம் நிறைவேறிற்று. நீர் இன்னும் வரவில்லை. ஆயினும், கேட்கும் தகுதி இப்போது எனக்கு உண்டு. அன்பர்களே, உங்கள் பிள்ளையின் பள்ளியில் அடுத்த கூட்டம் என்று?