மினுக்கம்

மகன் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது மஃரிப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தது. ஸீட்டின் கீழுள்ள வலப்பக்க மூடி இரண்டாகப் பிளந்திருந்தது. "வாப்பாட பைக்க நாசமாக்கிட்டியே" என்று ஏசிவிட்டேன். வாப்பா மௌத்தாகி மூன்று வருடம். அவர் பாவித்ததென்று வீட்டில் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.

கல்முனை பஸாரில் புது மூடி கிடைத்தது. ஆனால் அது பளபளத்தது. பழைய இடப்பக்க மூடியோ மினுக்கமில்லாத கறுப்பு. இரண்டையும் ஒன்றுபோலாக்க மெட் கறுப்பு ஸ்பிரே டின் வாங்கினேன். மகனும் ஒன்றும் பேசாமல் வந்து பக்கத்தில் குந்தினான்.

முதல்முறை அடித்த பெயின்ட், நகம் பட்டதும் தோலாய் உரிந்தது. மூடியின் உட்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தோம். 'பிபி' என்றிருந்தது. பொலிப்ரொப்பிலீன். அதில் பெயின்ட் இலேசில் ஒட்டாது. பிரைமருக்கு முன்னால் ஒட்டவைக்கும் திரவமொன்றை அடிக்க வேண்டும். 'ஏபிஎஸ்' என்றிருந்தால் இந்தச் சிரமம் இல்லை.

இரண்டாம்முறை அவசரப்பட்டுத் தடிப்பாக அடித்தேன். திட்டுத்திட்டாய் மினுங்கியது. மெட் பெயின்டில் ஒரு நுண்தூள் கலந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சொரசொரப்புத்தான் வெளிச்சத்தைச் சிதறடித்து மினுக்கத்தை இல்லாமலாக்குகிறது. டின்னை நன்றாகக் குலுக்காவிட்டால் தூள் அடியில் தங்கிவிடும்.

மூன்றாம்முறை எல்லாவற்றையும் உரசி எடுத்தோம். 400ஆம் இலக்கத் தாள், பிறகு தண்ணீர் தொட்டு 600. சவர்க்காரம் போட்டுக் கழுவிக் காயவைத்தோம். கச்சான் காற்று எழும்பிப் புழுதி கிளப்புமுன், மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, பத்து அங்குலம் தள்ளிப் பிடித்து மெல்லிசாக மூன்று பூச்சு. ஒவ்வொன்றுக்குமிடையே பதினைந்து நிமிடம். மகன் நேரம் பார்த்துச் சொன்னான்.

நன்றாகத்தான் வந்தது. ஆனால் பழைய மூடி வெயிலில் நரைத்திருந்தது. போதாததற்கு அதன் பின்மூலையில் உள்ளங்கையளவு ஒரு மினுக்கம். மெட்டில் ஓரிடத்தை மட்டும் திருத்த முடியாது, ஓரம் காட்டிக்கொடுத்துவிடும். முழுவதையும் உரசி அடிப்பதுதான் முறை. 600 தாளை எடுத்தேன். கை ஓடவில்லை. உரசப்பட்ட மெட், சொரசொரப்புத் தேய்ந்து மினுங்கும். இது வாப்பா வருடக்கணக்காய் ஏறியிறங்கித் தேய்ந்த இடமல்லவா?

"அது அப்பாட இல்ல வாப்பா" என்றான் மகன். என் வாப்பாவை அவன் அப்பா என்றுதான் கூப்பிடுவான். "என்ட குதிக்கால். பின்னால இருந்து ஓதப் போகக்குள்ள கால்மிதி எட்டாது. அதுலதான் உரசும். அப்பா ஒருநாளும் ஏசல்ல."

நான் தாளை அவனிடம் நீட்டினேன். "அப்ப நீயே சொல்லு மகன்."

அவன் தாளை வாளித் தண்ணீரில் போட்டுவிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். பழைய மூடியை அப்படியே பூட்டக் குனிந்தபோதுதான் அவனது முழங்காலைப் பார்த்தேன். விழுந்த காயம் ஆறி, பொருக்கு உதிரத் தொடங்கியிருந்தது. அது எவ்வளவு பெரிய காயமென்று அன்றுவரை எனக்குத் தெரியாது.