கைமாறிய கார்

பழைய மோட்டார் கார் ஒன்றின் விலையை இருவர் கூடித் தீர்மானிக்கின்றனர். ஒருவர் அதனைப் பல்லாண்டு ஓட்டியவர். மற்றவர் அரைமணி நேரம் பார்த்தவர். இவ்விருவர் அறிவுக்கும் இடையிலுள்ள தூரத்தை ஆராய்ந்து 1970ஆம் ஆண்டில் ஜோர்ஜ் அக்கர்லொவ் என்ற அமெரிக்கப் பொருளியலறிஞர் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். நல்ல காரையும் கெட்ட காரையும் பிரித்தறிய இயலாத வாங்குவோர் சராசரி விலையே கொடுக்க முன்வருவர். அவ்விலைக்குத் தம் காரைக் கொடுக்க நல்ல காரின் சொந்தக்காரர் இசையார். ஈற்றில் சந்தையிற் பெரிதும் எஞ்சுவன பழுதுபட்ட கார்களே என்பது அவர் வாதம். 2001ஆம் ஆண்டு அவர் வேறிருவருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டமைக்கு இவ்வாய்வே அடிப்படையாயிற்று.

இலங்கையில் இக்கோட்பாட்டை விளக்கப் புத்தகம் வேண்டியதில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அக்கதவு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியிலேதான். இடைப்பட்ட ஐந்தாண்டுகளில், நாட்டில் ஏற்கெனவே இருந்த வாகனங்களே கைமாறிக் கைமாறி விலையேறின. அக்காலத்தில், 2021ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், பட்டிப்பொலவை அண்டிய தோட்டமொன்றைச் சேர்ந்த ஆசிரியர் ஒருவர் கொழும்புப் புறநகரில் ஒரு தனியாரிடமிருந்து சிறிய கார் ஒன்றை வாங்கினார்.

அப்பணத்தின் வரலாறு சொல்லத்தக்கது. அவருடைய தாயார் முப்பதாண்டுக்கு மேல் கொழுந்து பறித்தவர். ஓய்வுபெற்றபோது கிடைத்த ஊழியர் சேமலாப நிதியும் பணிக்கொடையும் வங்கியில் இருந்தன. அவற்றோடு ஆசிரியர் சீட்டெடுத்த தொகையும் சேர்ந்தது. லயத்தில் பிறந்த பிள்ளை ஒரு கார் வாங்குவது அங்கு ஒரு குடும்பத்தின் செய்தியாக மட்டும் நின்றுவிடுவதில்லை. நள்ளிரவில் நோயாளியைக் கொழுந்து லொறியில் ஏற்றிச் சென்ற நினைவு மறையாத மக்கள், 'இனி நம்ம மாஸ்டர் கார் இருக்கு' என்று பேசிக்கொண்டனர்.

விற்றவர் இனிமையாகப் பழகினார், தேநீர் கொடுத்தார். கார் கழுவித் துடைக்கப்பட்டு நின்றது. எஞ்சின் முன்னரே சூடாக இருந்ததை ஆசிரியர் கவனித்தாராயினும் அதன் பொருளை அறியவில்லை. சூடான எஞ்சின் தன் நோயை மறைக்கும்; விடியற்காலைக் குளிரில் முதன்முறை முடுக்கும்போதே புகையும் தட்டலும் வெளிப்படும். பதிவுப் புத்தகத்தில் இருந்த பெயரோ விற்றவருடையதன்று. முந்திய சொந்தக்காரர் ஒப்பமிட்ட, வாங்குபவர் பெயர் எழுதப்படாத படிவங்கள் கைமாறின. 'ஓப்பின் பேப்பர்' என வழங்கும் இவ்வழக்கத்தால் ஒரு கார் எத்தனை கைகளைக் கடந்து வந்தது என்பதே மறைந்துவிடுகிறது.

கொழும்புச் சமதரையில் கார் சீராக ஓடியது. கித்துல்கலையைக் கடந்து கினிகத்தேனை ஏற்றம் தொடங்கியதும் வெப்பமானியின் முள் மேலே நகர்ந்தது. அட்டனில் ஒருமுறையும் தலவாக்கலைக்கு அப்பால் ஒருமுறையும் நிறுத்தித் தண்ணீர் ஊற்ற நேர்ந்தது.

மலைக்கும் எஞ்சினுக்கும் உள்ள உறவு இவ்விடத்து விளக்கத்தக்கது. இலங்கையின் மிக உயரமான புகையிரத நிலையம் பட்டிப்பொலவில் உள்ளது. அதன் உயரம் கடல் மட்டத்திலிருந்து 6,200 அடிக்கு மேல். அங்கே காற்றழுத்தம் கரையோரத்தைவிட ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைவு. அதனால் சாதாரண பெற்றோல் எஞ்சினின் வலுவும் அவ்வளவுக்குக் குன்றுகிறது. தண்ணீரும் 100 பாகையில் அன்றி ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதிக்கிறது. இக்குறையை ஈடுசெய்வது ரேடியேட்டரின் மூடி. உள்ளே அழுத்தத்தைத் தேக்கிவைத்துக் கொதிநிலையை உயர்த்துவது அதன் பணி. மூடியின் வில் தளர்ந்தாலும், எங்கேனும் அழுத்தம் கசிந்தாலும், கரையோரத்தில் மாதக்கணக்கில் தெரியாத பழுது மலையில் ஒரே நாளில் தெரிந்துவிடும்.

நுவரெலியாவில் கராஜ் வைத்திருந்த முதிய மெக்கானிக் எண்ணெய் மூடியைத் திறந்து உட்புறத்தைக் காட்டினார். அங்கே பால்விட்ட தேநீரின் நிறத்தில் ஒரு பசை படிந்திருந்தது.

"மாஸ்டர், எண்ணெயும் தண்ணியும் கலக்குது. ஹெட் காஸ்கெட் போயிருச்சு. இது இன்னைக்கு வந்த நோய் இல்ல."

"வித்தவருக்குத் தெரிஞ்சிருக்குமா, அண்ணே?"

மெக்கானிக் மறுமொழி கூறவில்லை. ரேடியேட்டரின் அடியிலிருந்து வழித்தெடுத்த பழுப்புநிறச் சேற்றை விரலில் வைத்துக் காட்டினார். கசிவை அடைப்பதற்காக ஊற்றப்படும் கலவை அது.

முழுச் செப்பத்துக்குக் கையிற் பணமில்லை. இறக்குமதி நெருக்கடியால் உதிரிப்பாகங்களும் அருகியிருந்தன. ஆகவே மூடியை மட்டும் மாற்றி, தண்ணீர்ப் போத்தல்களோடு கார் ஓடியது. 2022 ஜனவரியில், உறைபனி விழுந்த ஓர் இரவில், பேறுகால வேதனையுற்ற பெண்ணொருத்தியை அதில் ஏற்றினர். அம்பேவெலையைத் தாண்டியதும் நீராவி எழுந்தது; கார் நின்றது. ஏறத்தாழ ஒரு மணிநேரம் பெண்கள் தம் போர்வைகளால் அவளைச் சுற்றி மறைத்து நின்றனர். கரட்டும் லீக்ஸும் ஏற்றிவந்த லொறியொன்று அவளை நுவரெலியா வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றது. தாயும் சேயும் பிழைத்தனர். எவரும் ஆசிரியரைக் குறை கூறவில்லை. அதுவே அவருக்குத் தாங்கொணாததாயிற்று.

சட்டம் என்ன கூறுகிறது எனக் கேட்போர் உளர். இந்நாட்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத்தது. 1893ஆம் ஆண்டு ஆங்கிலச் சட்டத்தைப் பின்பற்றியது. வாங்குவோரே விழித்திருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. பொருளின் தரம் பற்றிய உட்கிடையான உறுதிகள் பெரும்பாலும் வணிகராக விற்போரையே கட்டுப்படுத்துவன. பழைய உரோமாபுரியின் சந்தை அதிகாரிகளோ, அடிமையையும் கால்நடையையும் விற்போர் அவற்றின் குறைகளை வெளிப்படையாய்ச் சொல்லவேண்டுமென விதித்திருந்தனர். மனிதரை விற்ற ஒரு கொடிய சந்தையிலும் குறையைச் சொல்லும் கடமை விற்பவர்மேல் இருந்தது மனங்கொள்ளத்தக்கது. விற்பவர் தெரிந்தே பொய் சொன்னால் வழக்கிடலாம். ஆனால் இங்கே எவரும் எதுவும் சொல்லவில்லை. புன்னகையும் தேநீரும் சாட்சியாகா.

அவ்விரவுக்குப் பின்னர் தரகர் ஒருவர் வந்தார். எண்ணெயைத் தடிப்பானதாக மாற்றி, அடைப்புக் கலவையை மீண்டும் ஊற்றி, கொழும்புக்கு இறக்கி விற்றால் வாங்கிய விலைக்கு மேலேயே கிடைக்கும் என்றார். சமதரையில் ஓடுபவருக்கு நெடுநாள் தெரியாது என்பது அவர் ஆறுதல். கணக்கில் பிழையில்லை. தாயாரின் பணம் வட்டியுடன் மீளும், லயத்துக்கும் இழப்பில்லை. ஆசிரியர் இரண்டு நாள் அவகாசம் கேட்டார். அவ்விரண்டு நாட்களும் அவர் எண்ணியது, அட்டனிலோ பசறையிலோ இதேபோலப் பணம் சேர்த்துக்கொண்டு கொழும்புக்குப் புறப்படும் இன்னொருவரைப் பற்றியே என்று பின்னர் கூறினார்.

தாயாரிடம் கேட்டபோது அவர் நீண்ட விளக்கம் தரவில்லை. "நம்ம தலையில விழுந்தத இன்னொருத்தன் தலையில போடாத, தம்பி" என்றார்.

மேலும் ஒரு சீட்டு எடுக்கப்பட்டது. பஞ்சிகாவத்தையிலிருந்து பயன்படுத்திய சிலிண்டர் ஹெட் ஒன்று வாங்கப்பட்டு, மட்டமாகத் தீட்டப்பட்டு, புதிய காஸ்கெட்டுடன் பூட்டப்பட்டது. உரிமையும் முறையாக ஆசிரியர் பெயருக்கு மாறியது. மெக்கானிக் எழுதிய சிட்டையைப் பதிவுப் புத்தகத்துக்குள் வைத்தார். 2024இல் காரை விற்றபோது அச்சிட்டையையும் வாங்குபவரிடம் கொடுத்து, நடந்ததைச் சொன்னார். சந்தை விலையிற் குறைந்த தொகையே கிடைத்தது. செப்பத்துக்குச் செலவிட்டது திரும்பவில்லை. வாங்கியவர் சிட்டையைப் படித்துவிட்டு, தமக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரையும் அழைத்துவந்து, குளிர்ந்த எஞ்சினைத் தாமே முடுக்கிப் பார்த்து, அதன்பின் பணத்தை எண்ணிக் கொடுத்தார்.

சந்தையின் நோய்க்கு உத்தரவாதமும் நற்பெயரும் மருந்தாகலாம் எனப் பொருளியல் கூறும். பெயர் தெரியாத தனியார் இருவரிடையே இவை இரண்டும் இருப்பதில்லை. அங்கே விற்பவர் தாமாகக் கொடுக்கும் செய்தி ஒன்றே எஞ்சுகிறது. அதற்குரிய விலையை அவரே தம் கையிலிருந்து கொடுக்கவேண்டியுள்ளது. அவ்விலையைக் கொடுக்க வசதிபடைத்தோர் பலர் தயங்கும் நாட்டில், கொழுந்துக்கூடையைச் சுமந்த ஒருவரின் ஓய்வூதியச் சேமிப்பிலிருந்து அது கொடுக்கப்பட்டது என்பதைப் பொருளியல் கற்போரும் சட்டம் கற்போரும் தம் கணக்கிற் சேர்த்துக்கொள்ள வேண்டும்.