சொந்த ஊருக்குப் பாதி மார்க்

கன்னியாகுமரி மாவட்டத்து எங்கள் இரணியலுக்கு மழை இரண்டு தடவை வரும். பெரியவர்கள் இடவப்பாதி என்று சொல்லும் தென்மேற்கு மழை, ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிற வாரத்திலேயே புதுப் புத்தகத்தை நனைத்துவிடும். அது ஓய்ந்து, ஓணமும் கழிந்து, ஐப்பசி பிறந்தால் துலாவர்ஷம். மத்தியானம் வரை சுள்ளென்று வெயில். மூன்று மணிக்கு வேளிமலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வரும். பள்ளிக்கூட மணி அடிக்கிற நேரம் பார்த்து இடியோடு கொட்டும். மற்ற மாவட்டத்துப் பிள்ளைகளுக்குத் தெரு எப்போதும் இருந்தது. எங்களுக்கு வருஷத்தில் பாதி சாயங்காலம் எறவாணத்துக்கு உள்பக்கம்தான்.

அந்தச் சாயங்காலங்களைத்தான் நாற்பது வருஷம் கழித்து நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் தெருவில் மழையை முதலில் அறிகிறவர்கள் தறிக்காரர்கள். கஞ்சி போட்ட பாவைத் தெரு நீளத்துக்கு விரித்துக் காயவிட்டிருப்பார்கள். காற்று சற்று மாறினால் போதும், நாலு பேர் ஓடிவந்து சுருட்டி உள்ளே எடுத்துப்போவார்கள். பாவு காயாவிட்டால் தறி ஓடாது. தறி ஓடாவிட்டால், பள்ளிக்கூடம் விட்டு வந்து தார் சுற்ற உட்காரவேண்டிய பிள்ளைகளுக்கும் வேலை இல்லை. பெரியவர்களுக்கு அது கூலி போன நாள் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் உறைத்தது. அப்போது அது கூட்டாளிகள் கிடைத்த நாள், அவ்வளவுதான். சேம்பிலையைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராக ஆச்சி வீட்டுப் படியேறுவார்கள். ஆச்சி வீட்டுப் பட்டாசாலை அகலமானது. எட்டுப் பேர், சில நாள் பத்துப் பேர். நாலாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்பு வரை.

விளையாட்டுச் சாமான் என்று காசு கொடுத்து வாங்கியது எதுவும் அந்த வீட்டில் இருந்ததில்லை. மாசி, பங்குனியில் ஆச்சி புளியுடைத்து எடுத்த கொட்டையெல்லாம் எங்களுடையது. அதை ஒரு பக்கம் மட்டும் திண்ணைக் கல்லில் உரசி உரசி வெள்ளை வரவைப்போம். விரல் நுனி சுடும். அதுதான் தாயத்துக்கு. வள்ளியாற்றில் பொறுக்கிய கூழாங்கல் கல்லாட்டத்துக்கு. ஓட்டுச் சில்லால் தரையில் கட்டம் கிழிப்போம். மழை விட்டதும் ஆச்சி ஈரத்துணியால் துடைத்தால், விளையாட்டு நடந்த தடயமே இருக்காது.

தாயத்தில் ஆட்டத்தைவிட வழக்குதான் நீளம். ஒரு கொட்டை சுவரில் சாய்ந்து நின்றுவிடும். "லே, அது சாஞ்சிருக்கு, கணக்கில்ல!" என்று ஒரு கட்சி. "எங்க சாஞ்சிருக்கு? நல்லா குனிஞ்சு பாத்துக்கோ" என்று மறு கட்சி. வெட்டுப்பட்ட காய் திரும்ப ஏற மறுபடியும் தாயம் போடவேண்டுமா, வேண்டாமா? பக்கத்துத் தெருவில் வேண்டாமாம், அங்கே அப்படித்தான் ஆடுகிறார்களாம். அது அந்தத் தெரு, இது இந்தத் தெரு. சண்டை முற்றி, ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆச்சியிடம் போய் நிற்பாள். ஆச்சி முறத்திலிருந்து தலையெடுக்கமாட்டாள்.

"ஒங்க வழக்க ஒங்களுக்குள்ள தீத்துக்கிடுங்க மக்ளே. கோர்ட்டு வேணும்னா அந்தா ரோட்டுல இருக்கு, போயி சொல்லுங்க."

இரணியலில் நிஜமாகவே கோர்ட் உண்டு. கறுப்புக் கோட்டு போட்டவர்கள் குடைபிடித்து நடந்துபோவதை நாங்கள் தினமும் பார்ப்போம். அதனால் அந்த வார்த்தைக்கு எங்களிடம் மரியாதை இருந்தது. திரும்ப வட்டமாக உட்காருவோம். கொட்டை சுவரைத் தொட்டிருந்தால் மறுபடியும் போடலாம், ஆனால் அப்படி ஒரு தடவைதான். இது எங்கள் சட்டம். எந்தப் புத்தகத்திலும் கிடையாது. யார் சொல்லிக் கொண்டுவந்தது என்பதும் நினைவில்லை. அடுத்த மழைவரை அது செல்லும்.

பல்லாங்குழிக்கு மஞ்சாடி. ஆனைக்குன்றிமணி என்று மற்ற ஊர்களில் சொல்வது, ரத்தச் சிவப்பில் வழவழவென்று இருக்கும். பழைய காலத்தில் பொன் நிறுத்ததும் இதைக்கொண்டுதான். இரண்டு குன்றிமணி எடை ஒரு மஞ்சாடி என்பது தட்டார் கணக்கு. பதினாலு குழிக்கு ஐந்தைந்தாக எழுபது. நாலு சேர்ந்தால் பசு. ஆடுவது இரண்டு பேர்தான் என்றாலும் சுற்றியிருக்கிற எட்டு வாயும் கூடவே எண்ணும், கை ஒன்றைத் தவறவிட்டால் எட்டும் கத்தும். கல்லூரிக் காலத்தில் கொழும்புத் தமிழர் ஒருவர் சொல்லித்தான் தெரியும், இலங்கையில் சித்திரைப் புத்தாண்டுக்குச் சிங்களவர் குன்றிமணி வைத்து இதேபோல் குழி ஆட்டம் ஆடுவார்கள், அதற்கு ஒலிந்த கெலிய என்று பெயர் என்பது. மலேசியாவில் சொங்காக். ஆப்பிரிக்காவில் ஊருக்கு ஒரு பெயர். அத்தனை தூரம் ஒரே ஆட்டம் பரவிக் கிடக்கிறது என்று தெரிந்த அன்று, ஆச்சியின் பல்லாங்குழிக் கட்டை எங்கே போயிற்று என்று அம்மைக்குக் கடிதம் எழுதிக் கேட்டேன். சிதல் அரித்துப்போயிற்று என்று பதில் வந்தது.

தேவநேயப் பாவாணர் 1954-லேயே தமிழ்நாட்டு விளையாட்டுகளைத் திரட்டி ஒரு புத்தகம் எழுதி வைத்தார். மொழிக்கு வேர் தேடிய மனிதர், பிள்ளைகள் மண்ணில் ஆடுவதையும் குனிந்து பார்த்து எழுதியிருக்கிறார் என்பதில் எனக்கு அவர்மேல் தனிப் பிரியம். புத்தகத்தில் ஆட்டத்தின் முறையைக் காக்கலாம். பத்துப் பிள்ளைகள் ஒரு பட்டாசாலையில் அடைபட்டுக் கிடக்கும் மழைநேரத்தை எதில் எழுதிக் காப்பது?

சீட்டு எழுதிப் போட்டு ஆடும் ராஜா, மந்திரி, போலீஸ், கள்ளன் எல்லோருக்கும் தெரிந்ததே. கள்ளன் சீட்டு கிடைத்தவன் முகத்தை எப்படி வைத்துக்கொள்கிறான் என்பதில்தான் முழு ஆட்டமும். சிரிக்காமல் இருக்கிறவனைப் பிடித்தால் சரியாக இருக்கும்.

எனக்கு உயிர் எல்லாம் ஊர்-பேர் ஆட்டத்தில். நோட்டின் கடைசித் தாளைக் கிழித்துக் கட்டம் போட்டு, ஆள், ஊர், காய், பூ, சாமான் என்று தலைப்பு எழுதுவோம். ஒருவன் மனசுக்குள் எழுத்துகளைச் சொல்லிக்கொண்டே போவான், இன்னொருவன் நிறுத்து என்பான். நின்ற எழுத்தில் எல்லோரும் எழுதவேண்டும். வேறு யாரும் எழுதாததை எழுதினால் பத்து மார்க். இரண்டு பேர் எழுதியிருந்தாலும் ஐந்துதான்.

எங்கள் ஊருக்கு ரயில் வந்தது 1979-ல், திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்குப் பாதை போட்டபோது. அந்தப் பாதைதான் எங்களுக்கு ஊர்ப்பெயர்களைக் கொடுத்தது. பள்ளியாடி, குழித்துறை, பாறசாலை, அமரவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம், நேமம். 'நெ' வந்தால் நெய்யாற்றின்கரையைப் பாதிப் பேர் எழுதிவிடுவார்கள் என்று பயந்து நெல்வேலி என்று எழுதியவன் ஒருவன் உண்டு. திரு எங்கே போச்சு என்று அரைமணி நேர வழக்கு. கடைசியில் திருவைத் தனியாகக் கழற்றக்கூடாது என்று தீர்ப்பாயிற்று.

'இ' வந்தால் எல்லோரும் சிரித்துவிடுவோம். பத்துப் பேரும் இரணியல் என்றே எழுதினால் பத்துப் பேருக்கும் ஐந்து. முதல் சில நாள் அப்படித்தான் எழுதினோம். பிறகு ஒவ்வொருவராக வேறு ஊர் தேட ஆரம்பித்தோம். இடலாக்குடி வந்தது. இராமேஸ்வரம் வந்தது. இடுக்கியை ஒருத்தி கண்டுபிடித்தாள், அவள் மாமா அங்கே வேலையில் இருந்தார். கடைசியில் இரணியலை யாரும் எழுதாமல் போனோம். சொந்த ஊருக்குப் பாதி மார்க்தான் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

சுவிட்சர்லாந்தில் ழான் பியாஜே என்ற உளவியலாளர், கோலி விளையாடும் பிள்ளைகளிடம் போய், இந்தச் சட்டத்தை யார் போட்டது, இதை மாற்றலாமா என்று கேட்டுக் கேட்டு எழுதிய புத்தகம் 1932-ல் வந்தது. சின்னப் பிள்ளைகள், அது பெரியவர்கள் தந்தது, தொடக்கூடாது என்றார்கள். எல்லோரும் ஒத்துக்கொண்டால் மாற்றலாம் என்ற பதில், பத்து வயதை ஒட்டியும் அதற்கு மேலும் உள்ள பிள்ளைகளிடமிருந்துதான் வந்தது. அதை வாசித்தபோது ஆச்சியின் பட்டாசாலை அப்படியே கண்முன் வந்தது. நாலாம் வகுப்புக்கும் ஆறாம் வகுப்புக்கும் இடையில் ஒரு பிள்ளைக்குக் கிடைக்கிற பெரிய சொத்து இந்த அறிவுதான் என்று நான் நம்புகிறேன். பெரியவர்கள் கூட உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னால் அது கிடைக்காது. சட்டத்தை உள்ளேயே வைத்துப் பூட்டிய செல்போன் ஆட்டத்திலும் கிடைக்காது. அதில் கொட்டை சுவரில் சாய்வதே இல்லை.

2017 நவம்பர் 30, வியாழக்கிழமை. கார்த்திகைக்கு என்று பிள்ளைகளோடு ஊருக்கு வந்திருந்தோம். அன்றுதான் ஒக்கி புயல் அடித்தது. ரப்பரும் வாழையும் தென்னையும் சாய்ந்து, போஸ்ட் முறிந்து, எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. கடலுக்குப் போனவர்கள் திரும்பிவராத வீடுகள் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை என்று அந்தக் கரையெல்லாம் இருந்தன. அந்த நாட்களைப் பற்றி நல்லது ஒன்றைச் சொல்ல இப்போதும் நாக்கு கூசுகிறது. ஆனாலும் நடந்ததைச் சொல்லவேண்டும்.

வீட்டில் ஏழு பிள்ளைகள். சென்னையிலிருந்து, நாகர்கோவிலிலிருந்து, மஸ்கட்டிலிருந்து. எல்லோரும் ஐந்தாம் வகுப்பு, ஆறாம் வகுப்பு. இரண்டாம் நாள் காலையில் எல்லாப் போனும் செத்தது. கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். நான் அடுக்களையில் புளிப்பானைக்குப் பக்கத்திலிருந்து கொட்டையை எடுத்துவந்து உரசிக் காட்டி, தாயக் கட்டம் போட்டுக் கொடுத்தேன். மஸ்கட் பையன் கேட்டான், "ரூல்ஸ் எங்க அத்தை போட்டிருக்கு?"

எங்கும் போடவில்லை, நீங்கள்தான் போடவேண்டும் என்றேன். அவன் நம்பவில்லை. அன்று ஒவ்வொரு உருட்டலுக்கும் என் முகத்தைப் பார்த்தார்கள். இது சரியா அத்தை, இது அவுட்டா அத்தை? எனக்கும் சொல்லிவிட வாய் துடித்தது. எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டேன். கார்த்திகை சனிக்கிழமை வந்தது. கிடைத்த திரளி இலையில் கொழுக்கட்டை அவித்து, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் இறக்கிக்கொண்டிருந்தபோது பட்டாசாலையில் பெரும் சத்தம். எட்டிப் பார்க்கப் போன என்னை அம்மை கையைப் பிடித்து நிறுத்தினாள். நின்று கேட்டோம். கட்டத்தைவிட்டு வெளியே விழுந்த கொட்டைக்கு என்ன செய்வது என்று வழக்கு. நாகர்கோவில்காரி ஒன்று சொன்னாள், மஸ்கட் பையன் அதைத் திருத்தினான், சென்னைப் பிள்ளைகள் மறுத்தார்கள், பிறகு சரி என்றார்கள். கொட்டை மறுபடியும் உருண்டது. அம்மை கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த இலையை எடுத்தாள்.

கரண்ட் வந்த அன்று மாலை தாயக் கட்டத்தைச் சுற்றி யாரும் இல்லை. அதற்காக அந்தப் பிள்ளைகள்மேல் எனக்குக் கோபம் இல்லை. மழையும் இருட்டும் சேர்ந்து கட்டிப்போட்டதால்தானே நாங்களும் உட்கார்ந்தோம்.

ஆச்சி வீடு இப்போது கான்கிரீட். பட்டாசாலை இருந்த இடத்தில் கார் நிற்கிறது. தறிச் சத்தம் கேட்டு வருஷங்கள் ஆயிற்று. சேம்பிலை பிடித்து வந்தவர்களில் ஒருத்தி பெங்களூரில், ஒருவன் துபாயில், இரண்டு பேர் எங்கே என்று தெரியாது. இடுக்கியைக் கண்டுபிடித்தவள் இடுக்கியிலேயே வாழ்க்கைப்பட்டுப் போனாள்.

நான் சென்னையில், ஆறாவது மாடியில். மழை இங்கே கண்ணாடிக்கு வெளியே பெய்கிறது, சத்தம் கேட்பதில்லை. லீவு நாளில் மாடிப் பிள்ளைகள் நாலைந்து பேரைக் கூட்டிவைத்து ஊர்-பேர் ஆடுகிறோம். என்னையும் ஒரு ஆளாகச் சேர்த்துக்கொள்கிறார்கள். தீர்ப்பு அவர்களுடையது, நான் வாய் திறப்பதில்லை. 'இ' வந்தால் அவர்கள் இத்தாலி, இந்தோனேசியா, இங்கிலாந்து என்று எழுதுகிறார்கள். நான் இரணியல் என்று எழுதுகிறேன். அப்படி ஒரு ஊர் இருக்கிறதா என்று முதல் தடவை கேட்டார்கள், இருக்கிறது என்றேன், ஒத்துக்கொண்டார்கள்.

வேறு யாரும் அதை எழுதுவதில்லை. பத்து மார்க் முழுசாகக் கிடைக்கிறது.